மன்னார்ப் பாதையும் வைத்தியசாலை வாசலும்

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நோயாளர் பாய்விரித்துக் கிடப்பதைக் காணும்போது, கட்டில்கள் போதவில்லை என்று நாம் கூறுகிறோம். அது உண்மையே, ஆனால் பாதி உண்மை. அந்தக் கூட்டம் எங்கே உருவாகிறது என்ற கேள்விக்கு மன்னார்க் கரையின் சரித்திரம் விடை தருகிறது.

1830களுக்குப் பின் கண்டி மலைகளில் கோப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு வேண்டிய கைகளைத் தமிழகத்தின் வறுமை கொடுத்தது. இராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, திருச்சி ஜில்லாக்களின் ஏழை மக்கள் கங்காணிகளின் பின்னே தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் நடை. வழியெல்லாம் வறண்ட காடு. இருந்த சில குளங்களிலும் கிணறுகளிலும் அத்தனை பேரும் குடித்தனர், குளித்தனர். அந்த நீரே வாந்திபேதியைப் பரப்பியது. நோயுற்றுச் சாய்ந்தவர்களைப் பாதையோரத்தில் விட்டுவிட்டுக் கூட்டம் நடந்தது.

1840களில் வந்தவர்களுள் 70,000 பேர் மாண்டனர் என்று ‘கொழும்பு ஒப்சேர்வர்’ 1849இல் மதிப்பிட்டது. அது மிகை என்று பின்வந்த ஆய்வாளர் சிலர் மறுத்தனர். வந்திறங்கிய தலைகளை எண்ணிய அரசு, வழியில் விழுந்த பிணங்களுக்குத் திட்டமான கணக்கு வைக்கவில்லை. ஆகவே அந்த வாதம் இன்றும் ஓயவில்லை.

வாந்திபேதி குடிநீர் வழியே பரவுகிறது என்பதை ஜான் ஸ்னோ 1854இல் லண்டனில் எடுத்துக்காட்டினார். அதன் பின்னும் பல்லாண்டுகள் தொழிலாளர் அதே பாதையில் நடந்தனர். வழியில் மடங்களும் சிறு வைத்தியசாலைகளும் எழுந்தது உண்மைதான். எனினும் நோயைக் கொடுக்கும் பாதையை அப்படியே விட்டுவிட்டு, அதன் ஓரத்தில் கட்டில் போட்டால் கூட்டம் குறையுமா? 1872இன் மருத்துவச் சட்டமோ தோட்டப் பிரதேசங்களுக்கே உரியது. உயிரோடு மலையை அடைந்தவர்களுக்கே அதன் பயன் கிட்டியது.

1899இல் வடபாதை தொழிலாளருக்கு அடைக்கப்பட்டது. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலும் ரயிலும் வந்தன. மண்டபம் முகாமில் தடுத்துவைத்துச் சோதித்து அனுப்பும் முறை நிலைபெற்றது. சாவு குறைந்தது, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மக்களைத் தோணியேற்றிய பசி கிராமத்திலேயே தங்கிவிட்டது.

இன்றும் மன்னாரிலிருந்து கடும் நோயாளர் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் அனுப்பப்படுகின்றனர். அங்குள்ள வாசல்களில் நெரிசல் மிகுவதில் வியப்பென்ன? கட்டில்களைக் கேட்போம்; அதனுடன் நல்ல குடிநீரையும், கிராமத்திலேயே நிலைத்திருக்கும் வைத்தியரையும் சேர்த்தே கேட்போம்.