கைகள் காக்கும் நினைவு

1901ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரத்து மனநோய் மருத்துவமனையில் ஆகுஸ்ட டேட்டர் என்னும் பெண்மணி சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 51. பெயரைக் கேட்டபோது ‘ஆகுஸ்ட’ என்றார். கணவரின் பெயரைக் கேட்டபோதும் ‘ஆகுஸ்ட’ என்றே விடையளித்தார். அவரை ஆராய்ந்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1906 ஏப்ரலில் அப்பெண்மணி மறைந்தபின், அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, தாம் கண்டதை அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் துய்பிங்கன் நகரில் கூடிய மருத்துவர் அவையில் எடுத்துரைத்தார். 1910இல் கிரேப்பலின் என்னும் பேரறிஞர் தமது பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

1907இல் வெளியான அல்சைமரின் கட்டுரையில் ஒரு சிறு செய்தி உண்டு. அப்பெண்மணி தம் படுக்கைத் துணிகளை இழுத்துக்கொண்டு அங்குமிங்கும் அலைந்தார். கணவரையும் மகளையும் கூவி அழைத்தார் என்பதே அது. மருத்துவ உலகம் அவருடைய மூளையில் படிந்திருந்த படிவுகளைக் கண்டு வியந்தது. அவர் கைகள் ஏன் துணியைத் தேடின என்னும் கேள்வியோ நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்தது. அந்தக் கேள்விக்கு எளிய விடையாக இன்று பல நாடுகளில் தைக்கப்படும் ஒரு பொருளைப் பற்றியே நாம் இங்குச் சிந்திக்கிறோம்.

அது ஒரு மடிவிரிப்பு. நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் தொடைகளை மூடும் அளவே உடையது. வெவ்வேறு துணித்துண்டுகளை ஒட்டித் தைத்த அதன் மேற்பரப்பில் பொத்தான்கள், ஜிப், பை, நாடா, பின்னல் சரிகை போன்றவை பதிக்கப்பட்டிருக்கும். டிமென்ஷியா என்னும் நினைவுச் சிதைவுக்கு ஆளானவர்கள் அதைத் தடவியும், திறந்தும், மூடியும், மடித்தும் பொழுதைப் போக்குவர்.

இது அற்பமான செயலன்று என்பதை உணர, அதற்கு முந்தைய வரலாற்றை நாம் அறிய வேண்டும். நோய் முற்றுகையில் பலருடைய கைகள் ஓய்வதில்லை; ஆடையைப் பற்றி இழுக்கும், போர்வையைப் பிய்க்கும், மருந்து ஏற்றும் குழாயைப் பிடுங்கும். இதற்கு நிறுவனங்கள் கண்ட பழைய தீர்வு கட்டிவைப்பதே. அமெரிக்க முதியோர் இல்லங்களில் 1980களின் இறுதியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் கட்டிவைக்கப்பட்டிருந்தனர். 1987இல் அந்நாட்டு மன்றம் இயற்றிய சட்டம், மருத்துவத் தேவையின்றி, பணியாளரின் வசதிக்காகவோ தண்டனையாகவோ ஒருவரைக் கட்டிவைக்கலாகாது என்று விதித்தது. 1990இல் அது நடைமுறைக்கு வந்தது. கட்டுகள் அவிழ்ந்தன. ஆனால் அவிழ்ந்த கைகளுக்கு என்ன வேலை கொடுப்பது?

விடையின் ஒரு பகுதி மூளை ஆய்விலிருந்து கிடைத்தது. 1953இல், கடும் வலிப்பு நோயைத் தணிக்க ஹென்றி மொலைசன் என்னும் அமெரிக்க இளைஞருக்கு மூளையில் அறுவை செய்தனர். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கு அகற்றப்பட்டது. அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்னும் உளவியலறிஞர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டுமே பார்த்து ஒரு விண்மீன் வடிவத்தை வரையுமாறு அவரைப் பயிற்றினார். நாளுக்கு நாள் அவர் கை தேர்ந்தது. முன்பு அதை வரைந்த நினைவோ அவருக்குச் சிறிதும் இல்லை. நிகழ்ச்சிகளைக் காக்கும் நினைவு வேறு, கைப்பழக்கத்தைக் காக்கும் நினைவு வேறு என்பது இதனால் விளங்கிற்று. அல்சைமர் நோய் முதலில் தாக்குவது ஹிப்போகாம்பஸ் பகுதியைத்தான். கைப்பழக்கத்தின் நினைவு நெடுநாள் எஞ்சுகிறது. பெற்ற மகளின் பெயர் நாவுக்கு எட்டாத மூதாட்டியின் விரல்கள் செபமாலை மணிகளை ஒவ்வொன்றாய் நகர்த்துவதை நம் இல்லங்களிலேயே காண்கிறோம் அன்றோ?

விடையின் மறுபகுதி குழந்தைக் கல்வியிலிருந்து வந்தது. 1907 சனவரி 6ஆம் நாள், உரோமை நகரின் ஏழைக் குடியிருப்பான சான் லொரன்சோவில் மரியா மாண்டிசோரி அம்மையார் ‘குழந்தைகள் இல்லம்’ ஒன்றைத் திறந்தார். அவர் வகுத்த கருவிகளுள் மரச்சட்டங்கள் சில உண்டு. ஒவ்வொரு சட்டத்திலும் இரு துணிகள் எதிரெதிரே பொருத்தப்பட்டு, ஒன்றில் பொத்தானாலும், ஒன்றில் கொக்கியாலும், மற்றொன்றில் நாடாவாலும் இணைக்கப்படும். பட்டு, கம்பளி, வெல்வெட் ஆகியவற்றைக் கண்ணை மூடித் தொட்டறியும் பயிற்சியும் உண்டு. இந்த அம்மையார் நமக்கு அயலாரல்லர். 1939இல் சென்னைக்கு வந்தவர், போரின் காரணமாக ஐரோப்பா திரும்ப இயலாது அடையாற்றிலும் பின்னர்க் கொடைக்கானலிலும் தங்கி, ஆசிரியர் பலரைப் பயிற்றுவித்தார். 1990களில் அமெரிக்க உளவியலறிஞர் கேமரன் கேம்ப், இம்முறையை நினைவுச் சிதைவுற்ற முதியோருக்கு ஏற்பத் திருத்தியமைத்தார். மடிவிரிப்பின் பொத்தானும் நாடாவும் மாண்டிசோரியின் சட்டங்களுக்கு நெருங்கிய உறவு எனலாம்.

ஒட்டுத்துணி தைக்கும் கலையோ மிகப் பழையது. கிழிந்த துணியைப் போக்கடிக்க மனமில்லாத ஏழைப் பெண்கள் எல்லா நாட்டிலும் இதை வளர்த்தனர். வங்கத்தில் பழஞ்சேலைகளை அடுக்கிக் காந்தா தைத்தனர். வட கர்நாடகக் காடுகளையொட்டி வாழும் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள், ‘கவந்தி’ என்னும் போர்வையை விளிம்பில் தொடங்கி உள்நோக்கித் தைத்துச் செல்கின்றனர். அவர்களுள் கத்தோலிக்கர் சிலர் துணித்துண்டுகளாலேயே சிலுவைக் குறியையும் பதிக்கின்றனர். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெண்கள் கூடித் தைக்கும் வழக்கம் பல தலைமுறையாய் நிலவியது. இந்தத் தையற்குழுக்களும் ஆலயக் குழுக்களுமே இன்று முதியோர் இல்லங்களுக்கு மடிவிரிப்பு தைத்தளிக்கின்றன.

தைப்பதில் கருத வேண்டியவை சில. துணிகள் அடிக்கடி துவைப்பதைத் தாங்க வேண்டும். பிடுங்கி வாயிலிட்டால் தொண்டையில் அடைக்கும் என்பதால் பொத்தான்களைப் பன்முறை ஊசி செலுத்தி உறுதியாய்த் தைக்க வேண்டும். கழுத்தையோ விரலையோ சுற்றாதபடி நாடாக்கள் குட்டையாய் இருத்தல் நன்று. கூரிய முனையுள்ள எதுவும் ஆகாது. கண்ணைக் குழப்பும் சிறுசிறு பூ வேலைப்பாடுகளைவிடத் தெளிவாய் வேறுபடும் நிறங்களே ஏற்றவை. எல்லாவற்றிற்கும் மேலாக, அவரவர் வாழ்வை அறிந்து தைத்தல் வேண்டும். தையற்காரராய் வாழ்ந்தவருக்குப் பொத்தான் வரிசை, அலுவலகம் சென்றவருக்குச் சட்டைப்பை, தாய்க்கு அவர் உடுத்தி நைந்த சேலையின் முந்தானை என அமைந்தால், கை தன் பழைய வழியைத் தானே கண்டுகொள்ளும்.

இங்கு ஓர் ஐயம் எழக்கூடும். வாழ்ந்து முதிர்ந்தவரின் மடியில் விளையாட்டுப் பொருளை வைப்பது அவரைக் குழந்தையாக்கும் இழிவாகாதா? புறக்கணிக்க முடியாத வினா இது. பிரிட்டனின் பிராட்ஃபோர்டு நகர அறிஞர் டாம் கிட்வுட், 1997இல் வெளியிட்ட தம் நூலில், நோயை அன்று, நோயுற்ற மனிதரையே முதலில் காண வேண்டும் என்று வற்புறுத்தினார். முதியோரைச் சிறுவராய் நடத்துவதை அவர்தம் மாண்பைக் குலைக்கும் செயல்களுள் ஒன்றாகவே அவர் எண்ணினார். எனவே, விரிப்பைப் போட்டுவிட்டு விலகிச் செல்வோமாயின் அது மென்மையான மற்றொரு கட்டாகவே ஆகிவிடும். அருகமர்ந்து, ‘இது உங்கள் மஞ்சள் சேலை அல்லவா?’ என்று பேசும்போதுதான் அது உறவின் கருவியாகிறது. விரும்பாதவரை வற்புறுத்தலும் கூடாது. விரிப்பு நோயைத் தீர்ப்பதில்லை. பதற்றமான ஒரு மாலைப்பொழுதைச் சற்றே அமைதியாக்கக்கூடும், அவ்வளவே.

நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோருள் ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு நினைவுச் சிதைவு நோய் இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிடுகிறது. அவர்களுக்கென 1992இல் கேரளத்தில் தோன்றிய அமைப்பு பல நகரங்களில் பணியாற்றி வருகிறது. எனினும் பெரும்பாலோரைப் பேணுபவர்கள் வீட்டிலுள்ள பெண்களே. நம் அலமாரிகளில் உடுத்தாத சேலைகள் உறங்குகின்றன. நம் பங்குகளில் தையல் தெரிந்த கைகளுக்கும் குறைவில்லை. ஃபிராங்ஃபர்ட்டில் படுக்கைத் துணியை இழுத்துக்கொண்டு தம் மகளைக் கூவிய அப்பெண்மணிக்கு அன்று எவரும் ஒரு துணியைத் தைத்துக் கொடுத்ததாகச் செய்தியில்லை. நம் தெருவில் இன்று அவ்வாறு துணியைப் பற்றியபடி அமர்ந்திருப்பவர் யார் என்று விசாரித்து அறிவதே நாம் எடுத்து வைக்கத்தக்க முதல் தையல்.