வயலுக்குச் சோறு போட்டவர்கள்

தை பிறந்து சம்பா அறுவடை முடிந்த கையோடு தஞ்சைப் பக்கத்து வயல்களில் செம்மறி ஆடுகள் இறங்கும். ராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து கீதாரிகள் என்னும் இடையர்கள் கால்நடையாக ஓட்டி வரும் மந்தைகள் அவை. பகலெல்லாம் அறுத்த தாளையும் வரப்புப் புல்லையும் மேயும். பொழுது சாய்ந்ததும், முன்கூட்டிப் பேசி வைத்த வயலில் வலை கட்டி ஆடுகளை நெருக்கமாக அடைப்பார்கள். விடியும்வரை அவை போடும் புழுக்கையும் விடும் மூத்திரமும் அந்த நிலத்துக்குச் சொந்தம். மறுநாள் வலை பக்கத்து வயலுக்கு நகரும். ஒரு காலத்தில் இதற்குக் கூலி நெல்லாக அளக்கப்பட்டது; இன்று ரொக்கம்.

கிடை போடுவது என்று இதற்குப் பெயர். கூலி கொடுப்பது புழுக்கைக்காக மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆட்டின் மூத்திரத்தில் தழைச்சத்து ஏராளம். தொழுவத்தில் அது தரையோடு தரையாகப் போய்விடும். கிடையில் நேராக மண்ணில் இறங்கும். நிலத்தில் ஈரம் இருந்தால் கிடை எழுந்ததும் ஓர் உழவு ஓட்டிவிடு என்று பெரியவர்கள் அவசரப்படுத்தியதும் இதனால்தான். வெயிலில் கிடந்தால் பாதிச் சத்து காற்றில் போய்விடும். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்பது பழமொழி. ஆட்டெரு சீக்கிரம் மக்கிப் போட்ட ஆண்டிலேயே பயிருக்குக் கிடைக்கும், மாட்டெருவின் பலன் மெதுவாகத் தெரியும் என்ற கணக்கை இதைவிடச் சுருக்கமாக எந்த வேளாண் கையேடும் சொல்லவில்லை.

உண்மையில் எருவைவிட அந்த ஏற்பாடுதான் பெரிய விஷயம். ஆடு ஒருவருடையது, வயல் இன்னொருவருடையது, இடையில் அது மேய்ந்த புறம்போக்கு யாருடையதும் இல்லை. காவிரிப் படுகையின் நெல் விளைச்சல், நிலம் இல்லாத இடையர்களின் ஆண்டு நடையையும் ஊர்ப் பொதுவையும் நம்பி இருந்தது. தமிழ்நாட்டு மண்ணின் வளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் யூரியாவில் தொடங்கி யூரியாவிலேயே முடித்துவிடுகிறார்கள். கதை அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்குகிறது.

திருக்குறளின் உழவு அதிகாரம், உழுவதைவிட எருவிடுவது நல்லது என்கிறது. அதே அதிகாரம், புழுதியை நன்றாகக் காயவிட்டால் ஒரு பிடி எருகூட வேண்டாம் என்றும் சொல்கிறது. ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம். ஆனால் நன்றாகக் காய்ந்த மண் மறுபடி நனையும்போது, அதிலுள்ள நுண்ணுயிர்கள் வேகமெடுத்துத் தழைச்சத்தை விடுவிக்கின்றன என்பதை இருபதாம் நூற்றாண்டு மண்ணியல் அளந்து காட்டிவிட்டது. கோடை உழவுக்கு இந்த ஊரில் இருந்த மரியாதை வெறும் பழக்கம் அல்ல.

ஆட்டுக்கு அடுத்தது தழை. கொழிஞ்சி, எருக்கு, ஆவாரை, புங்கம், வேம்பு என்று கையில் கிடைத்ததை வெட்டிக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து, தொளி அடித்த சேற்றில் போட்டு மிதிப்பார்கள். மிதித்த தழை அழுகி அடங்கும்வரை பொறுத்து நாற்று நடுவார்கள். பிறகு வண்டல். பங்குனி, சித்திரையில் ஏரி வற்றியதும் அடியில் படிந்த மண்ணை வெட்டி மாட்டு வண்டியில் ஏற்றி வயலில் கொட்டுவது. நீர்ப்பிடிப்பில் இருந்து மழை கழுவிக்கொண்டு வந்த களியும் மக்கும் அது. மணற்பாங்கான செம்மண்ணில் வண்டல் அடித்தால் ஈரம் நிற்கும். போட்ட சத்தும் நிற்கும். ஏரியும் ஆழமாகும். ஒரே வேலையில் இரண்டு மராமத்து.

இந்த ஏற்பாட்டில் முதல் விரிசல் விழுந்தது உரக் கடையால் அல்ல, காட்டுச் சட்டத்தால். 1882-இல் வந்த சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு, ஊரை ஒட்டிய குன்றுகளும் கரடுகளும் ஒவ்வொன்றாக ஒதுக்குக் காடுகளாயின. அதுவரை கேள்வியின்றி வெட்டிய தழைக்கு அனுமதிச் சீட்டும் கட்டணமும் வந்தன. ஆடு மேய்க்கவும் அதே கதை. குடியானவர்களின் முறையீடு முப்பது ஆண்டுகள் ஓயவில்லை. கடைசியில் அரசு 1912-13-இல் ஒரு வனக் குழுவை அமைத்து விசாரித்தது. ஊர்த் தேவைக்கான காடுகளை வனப் பஞ்சாயத்துகளிடம் விடும் ஏற்பாடு அதன் பிறகுதான் வந்தது. எரு ஒரு சட்டப் பிரச்சினையாக இருந்தது என்பதையே இன்று நாம் மறந்துவிட்டோம்.

இதற்கிடையில் 1889-இல் லண்டனிலிருந்து ஒரு ரசாயன நிபுணர் வந்தார். ஜான் அகஸ்டஸ் வோல்க்கர். இந்திய விவசாயத்தைச் சீர்திருத்த வழி சொல்ல அனுப்பப்பட்டவர். ஊர் ஊராகச் சுற்றிப் பார்த்துவிட்டு 1893-இல் அவர் வெளியிட்ட அறிக்கை, அனுப்பியவர்கள் எதிர்பார்த்திருக்க முடியாத ஒன்றைச் சொன்னது: நல்ல இந்திய விவசாயி சராசரி ஆங்கில விவசாயிக்குக் குறைந்தவன் அல்ல. குறை அறிவில் இல்லை, கைப்பொருளில் இருக்கிறது. விறகு இல்லாததால் சாணி வறட்டியாகி அடுப்பில் எரிகிறது; எலும்பு கப்பலேறிப் போகிறது. ஆகவே விறகுக்கும் தீவனத்துக்கும் தனிக் காடுகள் வளருங்கள், சாணி தானாக வயலுக்குப் போகும் என்றார். மண்வளத்துக்கு மருந்து கேட்டால் விறகைப் பற்றிப் பேசிய அந்த மனிதரின் புத்திசாலித்தனம் இன்று படித்தாலும் வியக்க வைக்கிறது. அரசு அதைப் பாராட்டிவிட்டு நகர்ந்தது.

கோவையில் வேறு ஒரு வேலை நடந்தது. சைதாப்பேட்டையில் இருந்த விவசாயப் பள்ளி 1906-இல் அங்கே இடம் மாறியது. 1909-இல் கல்லூரிப் பண்ணையில் சில பாத்திகளைப் பிரித்து, ஒன்றுக்கு எதுவுமே போடாமல், ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து, ஒன்றுக்குச் சாம்பல் சத்து, ஒன்றுக்கு மூன்றும், ஒன்றுக்குத் தொழு உரம் என்று ஆண்டுதோறும் அதே பாத்திக்கு அதே உணவைக் கொடுத்துவரத் தொடங்கினார்கள். நிரந்தர எருச் சோதனை என்று பெயர். இந்தியாவின் மிகப் பழைய வயல் சோதனைகளில் அது ஒன்று. 1925-இல் பாசன நிலத்திலும் இன்னொரு தொகுதி சேர்ந்தது.

அந்தப் பாத்திகள் பொறுமையாகச் சொன்ன சேதி இதுதான்: மணிச்சத்து கிடைத்தவை முந்தின, தழைச்சத்தை மட்டும் தின்றவை பின்தங்கின. மாட்டெரு மட்டுமே பெற்ற பாத்தி, மூன்று சத்தும் பெற்ற பாத்தியோடு தோளுக்குத் தோள் நின்றது. ஒற்றைச் சத்தை அள்ளிக் கொட்டினால் விளைச்சல் ஏறாது என்பதற்குத் தமிழ்நாட்டு மண்ணிலேயே, பசுமைப் புரட்சிக்கு அரை நூற்றாண்டு முன்பே தொடங்கிய சாட்சியம் இது. பின்னாளில் உர மானியக் கொள்கை வகுத்தவர்கள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

சோதனைக்கு ஒரு கிளைக்கதையும் உண்டு. கோவையின் அரசு வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத்தும், குன்னூரில் சத்துணவு ஆராய்ச்சி செய்துவந்த ராபர்ட் மெக்காரிசனும் சேர்ந்து, மாட்டெருவில் விளைந்த தானியத்தையும் ரசாயன உரத்தில் விளைந்ததையும் பிராணிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார்கள். எருவில் விளைந்ததற்கே ஊட்டம் அதிகம் என்று 1926-இல் எழுதினார்கள். அதன் முறையைப் பற்றிப் பின்னால் கேள்விகள் எழுந்தன. ஆனாலும், இயற்கை வேளாண்மையின் தந்தை என்று மேலை நாட்டினர் கொண்டாடும் ஆல்பர்ட் ஹோவர்ட் தம் வாதத்துக்கு மெக்காரிசனைத் திரும்பத் திரும்பத் துணைக்கு அழைத்தார். உலகம் சுற்றிய ஒரு விவாதத்தில் கோவைக்கும் குன்னூருக்கும் பங்கு உண்டு.

ஆலைகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1906-இல் ராணிப்பேட்டையில் பாரி நிறுவனம் சூப்பர் பாஸ்பேட் செய்யத் தொடங்கியது. நாட்டின் முதல் உர ஆலை அதுதான். சேஷசாயி சகோதரர்கள் ஆல்வாய் அருகே நிறுவிய ஃபாக்ட் ஆலை 1947-இல் அமோனியம் சல்பேட் தந்தது. ஆரம்பத்தில் அதற்கான வாயுவை விறகை எரித்துத்தான் எடுத்தார்கள். ஒரு பக்கம் குடியானவன் தழை வெட்டச் சீட்டு வாங்க, இன்னொரு பக்கம் மரத்தையே எரித்து உரம்! நெய்வேலி யூரியா 1966-இல் வந்தது, மணலி 1971-இல், தூத்துக்குடி ஸ்பிக் 1975-இல்.

உரம் வந்தால் போதாது, அதைத் தின்று நிற்கும் பயிர் வேண்டும். பழைய சம்பா ரகங்கள் நெடிதுயர்ந்தவை. தழைச்சத்து கூடினால் இன்னும் வளர்ந்து, கதிர் பிடிக்கும் நேரத்தில் காற்றடித்தால் படுத்துவிடும். அதனால் எரு அளவோடுதான் போட்டார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க 1950-களில் கட்டாக்கில் நம் நாட்டு நெல்லையும் ஜப்பான் நெல்லையும் ஒட்டும் பெரிய முயற்சி நடந்தது. அதில் விளைந்த பிள்ளைதான், ஆடுதுறையிலிருந்து 1965-இல் வெளியான ஏ.டி.டி. 27. தாய்தந்தையர் ஜப்பானின் நோரின் 10-உம் கோவையின் ஜி.இ.பி. 24-உம். தஞ்சை மாவட்டம் 1960-லேயே தீவிர வேளாண்மைத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுத்த முதல் ஏழு மாவட்டங்களில் ஒன்று. கடனும் உரமும் ஆலோசனையும் அங்கே தயாராக இருந்தன. குறுவைப் பருவத்தில் ஏ.டி.டி. 27 காட்டுத்தீயாகப் பரவியது. களத்தில் நெல் குவிந்தது. பஞ்சத்தின் வாசலில் நின்ற நாட்டுக்கு அது சாதாரணக் காரியம் அல்ல. ரசாயன உரத்தைத் திட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆனால் ஒரு யூரியா மூட்டையில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. அதை ஒருவர் தோளில் தூக்கிப் போய்விடலாம். அதே சத்துக்கு வண்டி வண்டியாக எரு அடிக்க வேண்டும், கீதாரியைத் தேடிப் பேச வேண்டும், தழை வெட்ட ஆள் பிடிக்க வேண்டும். கூலியும் ஏறிவந்த காலம். டிராக்டர் வந்து மாடு குறைந்தது. இரு போகம் வந்து ஆடு மேயும் இடைவெளி குறுகியது. ஏரியில் வண்டல் எடுக்கும் ஊர்க்கட்டு தளர்ந்தது. மேட்டூர் அணை 1934-இல் திறந்ததிலிருந்தே வெள்ளத்தோடு வந்த வண்டலில் பெரும்பகுதி அணைக்குள் தங்கிக்கொண்டிருந்தது. உர மூட்டைகள் எல்லாம் சேர்ந்து கொண்டுவந்தது மூன்று சத்துகளை மட்டும். எருவோடும் வண்டலோடும் ஓசையில்லாமல் வந்துகொண்டிருந்த மற்றவை நின்றுபோயின. சில ஆண்டுகளில் நெல் இலையில் பழுப்புத் துரு தெரிந்தது. துத்தநாகம் போதவில்லை என்றார்கள்; ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் என்பது பரிந்துரையில் ஏறியது. ஓசியில் வந்ததைக் காசு கொடுத்து வாங்கும் காலம் தொடங்கியது.

விலைக் கொள்கை மிச்சத்தையும் கெடுத்தது. 1992-இல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டு யூரியாவை மட்டும் மலிவாக வைத்தார்கள். விவசாயி மலிவானதை வாங்கினான். கோவைப் பாத்தி 1909-இலிருந்து எச்சரித்துவந்த தவறு நாடு முழுக்க நடந்தது. 2015-இல் மண்வள அட்டையும் வேப்பெண்ணெய் பூசிய யூரியாவும் வந்தன. அட்டை நல்ல யோசனைதான். கடையில் விலைப்பலகை அட்டைக்கு எதிராகப் பேசும்வரை அதற்குப் பலம் குறைவு.

பழைய வழிகளும் அரசாணைகளாகத் திரும்பிக்கொண்டிருக்கின்றன. 2017-இல் ஏரி வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுக்க அனுமதி வந்தது. 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்த ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் உர விதைக்கு இடம் இருக்கிறது. தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் பூவெடுக்கும்போது மடக்கி உழ வேண்டும். குறுவைக்கு முன் அதைச் செய்வதென்றால் சித்திரை, வைகாசியில் விதைக்க வேண்டும். மேட்டூர் திறப்பது ஜூன் 12-இல். அதுவரை தண்ணீருக்குப் போர் செட்டுதான் கதி. வாய்க்கால் பாசனத்தை மட்டுமே நம்பிய கடைமடைக்காரரின் வயலில் மானிய விதை முளைக்க வழியில்லை. அவருக்கு விதையைவிட அவசரமாக வேண்டியது, கோடையில் ஒரு நனைப்புத் தண்ணீரும் கிடை போட வரும் கீதாரிக்கு மேய்ச்சல் புறம்போக்கும். திட்டம் போடுகிறவர்கள் அடுத்த நிதிநிலை அறிக்கையில் இந்த இரண்டுக்கும் ஒரு வரி ஒதுக்கட்டும்.