கண்டோஸும் கதலிப்பழமும்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை செல்லும் வீதியில் கோப்பாயைக் கடந்தால் நீர்வேலி. செம்மண்ணும் கிணற்று நீரும் வளர்த்த வாழைத்தோட்டங்களே அவ்வூரின் அடையாளம். விடுமுறைக்கு வரும் புலம்பெயர்ந்த உறவினரின் பெட்டிகளில் சொக்லேற் நிறைந்திருக்கும். ஊர்வழக்கில் அதற்குக் 'கண்டோஸ்' என்று பெயர். உள்நாட்டுத் தயாரிப்பொன்றின் பெயரே பண்டத்தின் பெயராக நிலைத்துவிட்டது. பிள்ளைக்கு இரண்டு நாள் மலம் போகாவிட்டால் பெரியவர்கள் உடனே தீர்ப்புச் சொல்வார்கள்: "கண்டோஸ் குடுக்காதை, கதலிப்பழம் குடு."

இத்தீர்ப்பு எவ்வளவு சரியானது?

சொக்லேற்றின் மீதான வழக்கு நானூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. மெக்சிக்கோவில் வாழ்ந்த ஸ்பானிய மருத்துவர் ஹுவான் டி கார்டெனாஸ், வறுக்காத கொக்கோ சமிபாட்டைக் கெடுக்கும் என்றும், வறுத்து அரைத்துச் சோளக்கஞ்சியுடன் அருந்தினால் சமிபாட்டுக்கு உதவும் என்றும் 1591 இல் எழுதினார். 1631 இல் சொக்லேற் பற்றித் தனிநூல் வெளியிட்ட அன்டோனியோ கொல்மெனேரோ, அது உடலின் வழிகளை அடைக்கும் என்று சிலரும், இரைப்பைக்கு வலுவூட்டும் என்று வேறு சிலரும் வாதிட்டதைப் பதிவுசெய்துள்ளார்.

அவர்கள் பேசியது ஒரு பானத்தைப் பற்றி. நாம் உண்ணும் கட்டி பின்னர் வந்தது. 1828 இல் ஒல்லாந்தில் கொக்கோவின் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெறப்பட்டது. 1875 அளவில் சுவிற்சர்லாந்தின் டானியல் பீற்றர் பாற்சொக்லேற்றை உருவாக்கினார். இலங்கையில் 1869 இல் கோப்பி இலைநோய் பரவத் தொடங்கிய பின்னரே கண்டி, மாத்தளைப் பகுதிகளில் கொக்கோ பெருகியது.

இந்த மாற்றத்தில்தான் விடயம் இருக்கிறது. கொக்கோத் தூளில் நார்ப்பொருள் மிகுதி. பாற்சொக்லேற்றிலோ கொக்கோ குறைவு. சீனியும் கொழுப்பும் பாலுமே அதிகம். கொழுப்பு, இரைப்பையிலிருந்து உணவு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். 1998 இல் இத்தாலிய மருத்துவர்கள் நீடித்த மலச்சிக்கலுடைய 65 சிறுவர்களுக்குப் பசுப்பாலுக்குப் பதிலாகச் சோயாப்பால் கொடுத்துப் பார்த்தபோது 44 பேருக்குக் குணம் கண்டது. 2006 இல் ஸ்பெயினில் நடந்த ஆய்வில், கொக்கோ விதையின் உமியிலிருந்து எடுத்த நார்ப்பொருள் சிறுவரின் மலச்சிக்கலுக்கு உதவியது. அந்த உமி சொக்லேற் தயாரிப்பில் கழிக்கப்படும் பகுதி.

நீர்வேலியார் வியக்கக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு. 2005 இல் வெளிவந்த ஜேர்மன் கருத்தாய்வில், மலத்தை இறுக்கும் உணவுகளாக மக்கள் கூறியவற்றில் சொக்லேற் முன்னின்றது; வாழைப்பழமும் அப்பட்டியலில் இருந்தது! அது மக்களின் அனுபவக் கருத்தேயன்றிப் பரிசோதனை முடிவன்று. ஆயினும் ஒரு விளக்கம் உண்டு: காய்ப்பதமான வாழையில் எளிதில் சமிக்காத மாப்பொருள் அதிகம், கனியும்போது அது சர்க்கரையாக மாறுகிறது. குளிர்நாட்டுக் கடைக்குக் காயாகவே வெட்டி அனுப்பப்படும் வாழையும், தோட்டத்துக் குலையில் நன்கு கனிந்த கதலியும் வயிற்றுக்கு ஒன்றல்ல.

ஆகவே பெரியவர்களின் தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது. ஒரு துண்டு கண்டோஸ் குற்றவாளியன்று. அது கீரைக்கறியையும் பழத்தையும் தள்ளிவிட்டு உணவின் இடத்தைப் பிடிக்கும்போதே தொல்லை தொடங்குகிறது. இன்னொன்றையும் பெற்றோர் மறக்கலாகாது. மலத்தில் இரத்தம், வாந்தி, வயிற்று வீக்கம், எடைக்குறைவு ஆகியவற்றில் எது தென்பட்டாலும் இனிப்பின்மீது பழியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கலாகாது. பிள்ளையை உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும்.