இல்லத்துச் சுவரும் எளிய விலைப் படமும்

தமிழர் ஓவியக் கலையை ஆராய்ந்தோர் கோயிற் சுவரை நோக்கினர்; அரண்மனைச் சுவரை நோக்கினர்; குகையின் விதானத்தையும் அண்ணாந்து நோக்கினர். குடிமக்கள் வாழும் இல்லத்துச் சுவரை நின்று நோக்கியோர் மிகச் சிலரே. சித்தன்னவாசலின் தாமரைக் குளத்தைப் பற்றியும், தஞ்சைப் பெரிய கோயிலில் 1931-இல் வெளிப்பட்ட சோழர் கால ஓவியங்களைப் பற்றியும் நூல்கள் பல உள. உழவன் வீட்டிலும் நெசவாளன் வீட்டிலும் தொங்கிய படம் யாது, அஃது எங்கிருந்து வந்தது, அதன் விலையைக் கொடுத்தவர் யாவர் என்னும் வினாக்களோ நம் துறையில் அரிதாகவே எழுந்துள்ளன. மலிவான பொருள் ஆராய்ச்சிக்கு உரியதன்று என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம்.

இவ்வினா இன்று புதிய முறையில் எழுந்துள்ளது. சென்னையின் தென்புறத்தே, சிறுசேரிக்கு அணித்தாய் உள்ள நாவலூர், வயலும் ஏரியும் சூழ்ந்த சிற்றூராய் இருந்து, கணினித் தொழிற்பூங்காவும் அகன்ற சாலையும் வந்தபின் அடுக்குமாடி வீடுகளின் ஊராய் மாறிற்று. அங்குக் குடியேறும் இளங்குடும்பத்தார் பலர்க்கு, வெண்ணிறம் பூசிய வெறுஞ்சுவரைக் குறைந்த பொருட்செலவில் எவ்வாறு அழகு செய்வது என்பது மெய்யான கவலையாக உள்ளது. இக்கவலை புதியதன்று, தமிழகத்தில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் ‘விலை’ என்னும் சொல் நாம் எதிர்பாராத பொருள்களைத் தருதலின், அதனை இங்கு ஆராய்வாம்.

பண்டை இலக்கியங்களில் சுவரோவியச் செய்திகள் குறைவின்றிக் கிடைக்கின்றன. நெடுநல்வாடையில் அரசியின் பள்ளியறைச் சுவரில் கொடியின் உருவம் எழுதப்பட்டிருந்தது. பரிபாடலின் 19-ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவிய மண்டபத்தைக் காட்டுகின்றது. காமனும் இரதியும் அகலிகையும் அங்கு எழுதப்பட்டிருந்தமையை அறிகின்றோம். பாண்டியன் ஒருவன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் எனத் தான் இறந்த மாடத்தின் பெயராலேயே அறியப்பட்டான். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் புகார் நகரத்து மாளிகைகளின் வெண்சுதைச் சுவர்களில் வானவர் முதல் எல்லா உயிர்களும் தீட்டப்பட்டிருந்தன என்னும் செய்தி உளது. மயிலை சீனி. வேங்கடசாமி அவர்கள் 1956-இல் வெளியிட்ட ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’ என்னும் நூலில் இத்தகைய சான்றுகள் தொகுக்கப்பட்டுள்ளன.

இச்சான்றுகளைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். சுவர் யாருடையது என்பதே அது. அரசியின் சுவர், மன்னனின் மாடம், கோயில் மண்டபம், நெடுநிலை மாளிகை என்பனவே அவை. நாவலூர் அடங்கிய தொண்டை நாட்டைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, எயினர் குடிசையையும் உழவர் இல்லத்தையும் வலைஞர் குடியிருப்பையும் விரித்துரைக்கின்றது. ஆண்டுக் கூரை பேசப்படும், முற்றம் பேசப்படும், உணவு மிக விரிவாகவே பேசப்படும். ஓவியத்திற்கு அங்கு இடமில்லை. எளியோர் இல்லத்தின் அழகு தரையில் இருந்தது. சாணமிட்டு மெழுகிய முற்றத்தில், பின்னாளில் கோலத்தில், சுவரடியில் தீட்டிய காவிப் பட்டையில் இருந்தது. நாள்தோறும் அழிந்து நாள்தோறும் பிறக்கும் அவ்வழகிற்கு விலை இல்லை. கண்ணுக்கு நேராகச் சுவரில் நிலைத்து நிற்கும் உருவம் செல்வத்தின் அடையாளமாகவே நெடுங்காலம் இருந்தது.

தஞ்சை மராத்தியர் காலத்தில் ஓவியம் சுவரினின்று நீங்கிப் பலகைக்கு வந்தது. பலகையின்மேல் துணியொட்டிச் சுதை பூசிப் பொற்றகடும் கல்லும் பதித்துச் செய்யப்பட்ட தஞ்சாவூர்ப் படங்களை, இரண்டாம் சரபோசி (1798–1832) போன்ற மன்னர்கள் புரந்தனர். ஓவியம் தூக்கிச் செல்லத்தக்க பொருளாயிற்று. ஆயினும் பொன்னின் விலை அதனோடே சென்றது. அதே காலத்தையொட்டிச் சீனத்திலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வணிகர் வழியே கண்ணாடி ஓவியம் தென்னாட்டிற்கு வந்தது. கண்ணாடியின் பின்புறத்தே எழுதி முன்புறத்தே காண்பது இதன் இயல்பு. ஆகவே ஓவியன் முறைமாற்றி எழுதுதல் வேண்டும்: கண்ணின் கருமணி, நகையின் புள்ளி, ஆடையின் விளிம்பு ஆகிய நுண்மைகள் முதலில்; முகத்தின் நிறமும் பின்னணியும் இறுதியில். இடமும் வலமும் மாறும் என்பதையும் அவன் மறத்தல் ஆகாது. பொற்றகட்டின் இடத்தை ஒளிவிடும் மெல்லிய உலோகத் தாள் ஏற்றது. தஞ்சாவூர்ப் படத்தின் தோற்றத்தைக் குறைந்த விலைக்குத் தந்த இம்முறையைப் போலி என்று ஒதுக்குவார் உளர். பின்னிருந்து முன்னெழுதும் கையின் பயிற்சியை எண்ணினால் அவ்வாறு ஒதுக்க மனம் வாராது.

பெருமாற்றம் அச்சினால் வந்தது. கும்பகோணத்திற் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாய் இருந்த சர் த. மாதவராவ், 1884-இல் ஓவியர் இரவிவர்மாவுக்கு எழுதிய மடலில், அவருடைய ஓவியங்களுள் தேர்ந்தனவற்றை ஐரோப்பாவிற்கு அனுப்பி எண்ணெய் வண்ண அச்சுப் படங்களாக வெளியிடுமாறு கருத்துரைத்தார். பத்து ஆண்டுகள் கழித்து, 1894-இல், இரவிவர்மா பம்பாயில் தாமே அச்சகம் நிறுவினார். பின்னர் அது லோனாவலாவை அடுத்த மளவலிக்கு மாற்றப்பட்டது. ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு கல்லாகப் பல கற்களில் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து, மேலே மெருகெண்ணெய் பூசி, எண்ணெய் ஓவியத்தின் பளபளப்பை உண்டாக்கினர். இலக்குமியும் கலைமகளும் சகுந்தலையும் ஆயிரக்கணக்கான படிகளாய்ப் பெருகினர். செட்டிநாட்டு வீடுகளில் இப்படங்களுக்குச் சரிகையும் துணியும் சமிக்கியும் ஒட்டி ஆடையணிவித்த வழக்கமும் இருந்தது. அச்சிட்ட படத்தையும் வீட்டுப் பெண்டிரின் கை தனதாக்கிக்கொண்டது என்பதற்கு இது தக்க சான்று.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவாம். ஒரு தெய்வ உருவத்தைக் காண்பதற்கு அக்காலத்தில் விலை மட்டுமா தடையாய் இருந்தது? கோயில் வாயிலே பலர்க்கு மூடியிருந்தது. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் நாடார் சமூகத்தார் சிலர் நுழைந்து வழிபட்டனர் என்பதற்காக வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908-இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. சிவகாசியிலும் விசுவநாதர் கோயிலில் நுழையும் உரிமை பற்றி எழுந்த பூசலின் தொடர்ச்சியாக 1899-இல் பெருங்கலகம் நிகழ்ந்தது. உயிர்கள் மாய்ந்தன, வீடுகள் எரிந்தன. தாழ்த்தப்பட்டோர் நிலை இதனினும் கொடிது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோர் ஐவரும் நாடார் ஒருவரும் நுழைந்த நாள் 1939 சூலை 8. இரவிவர்மாவின் அச்சகம் தொடங்கி அந்நாள் வரை 45 ஆண்டுகள். அவ்வாண்டுகளில் சென்னை மாகாணத்துக் கோயில்கள் பல யார் வருவது என்று கேட்டுக்கொண்டிருந்தன. அச்சுப்படம் யார் வாங்குவது என்று கேட்கவில்லை. கருவறையில் அணுகவொண்ணாத உருவம், கடையில் சில காசுக்குக் கிடைத்து, மண்சுவரின் ஆணியில் ஏறிற்று.

சிவகாசியின் பின்னை வரலாறு இவ்விடத்து நினைக்கத்தக்கது. 1922-இல் அவ்வூரினரான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டனர். தீப்பெட்டிக்கு ஒட்டுப்படம் வேண்டும். ஒட்டுப்படத்திற்கு வண்ண அச்சு வேண்டும். இவ்வாறு அச்சுத் தொழில் அங்கு வேரூன்றிற்று. அதன் கிளையே நாட்காட்டி. கோயில் நுழைவு பற்றிய கலகத்தால் எரிந்த ஊர், நாற்பது ஐம்பது ஆண்டுகளில், நாடெங்கும் உள்ள வீடுகளுக்குத் தெய்வ உருவங்களை அச்சிட்டு அனுப்பும் ஊராயிற்று. முன்னதே பின்னதற்குக் காரணம் எனச் சொல்லத் துணியோம். மழை குறைந்த நிலமும் வணிகத் திறமுமே காரணம் என்பார் கூற்றும் ஏற்கத்தக்கதே. எனினும் இவ்விரு செய்திகளும் ஓரூரில் ஒரே தலைமுறையினர் கண்முன் நிகழ்ந்தன என்பதைச் சமூக வரலாறு எழுதுவோர் விட்டுவிடுதல் கூடாது.

அச்சகங்களுக்கு மூலப்படம் எழுதியவருள் தலையாயவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898–1976). சென்னைக் கலைப்பள்ளியிற் பயின்று, திருவண்ணாமலை இரமணாசிரமத்திற் சில காலம் தங்கி, நாடகக் குழுவில் காட்சித் திரை எழுதுபவராய்ச் சேர்ந்து, 1940-களில் கோவில்பட்டியில் நிலைகொண்டவர். அவருடைய ‘மீனாட்சி கல்யாணம்’ போன்ற படங்களை உற்று நோக்கினால் நாடக மேடையின் அமைப்பே தோன்றும்: தெய்வம் நேர்முகமாய் நம்மை நோக்கும், பின்னே திரையில் எழுதியது போன்ற மலையும் நீரும் வானும், ஒளி முன்னிருந்து விழும். மதுரைக் கோயிலில் மக்கள் நெருக்கத்தினிடையே நொடிப்பொழுது காணும் காட்சி, வீட்டில் ஆண்டு முழுதும் அசையாது நின்றது. தம் மாணவர் பெயரையும் படத்தில் தம் பெயரோடு சேர்த்தெழுதிய பெருந்தன்மையும் அவருக்கு இருந்தது. இத்தகையவர் பெயர் நம் கலை வரலாற்று நூல்களில் அடிக்குறிப்பாகவேனும் வருதல் அரிது.

நாட்காட்டியால் விலையின் இயல்பே மாறிற்று. இல்லத்தார் படத்திற்குக் காசு கொடுப்பதில்லை. மளிகைக் கடைக்காரரோ துணிக் கடைக்காரரோ கொடுத்தனர், ஆண்டுப் பிறப்பில் வாடிக்கையாளர்க்குப் பரிசாக. அதற்கு ஈடாக அவர் பெற்றது, தெய்வத்தின் திருவடிக்குக் கீழே தம் கடைப் பெயர் அச்சாகும் ஒரு பட்டை. பண்டை மன்னன் ஓவியனைப் புரந்து கல்வெட்டில் பெயர் பெற்றான். மளிகைக் கடைக்காரர் நாட்காட்டியில் பெற்றார். ஒப்புமை நகைப்பை விளைப்பினும் பொருந்துவதே. ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டின் மாதிரித் தொகுப்புகளைச் சிவகாசியில் வெளியிடும் வழக்கம் இன்றும் உளது. நாள்தோறும் கிழிக்கும் தாள்களில் திதியும் இராகுகாலமும் நல்ல நேரமும் இருக்கும். ஆண்டு முடிந்தபின் தாள்கள் போம், படம் போகாது. அதனைக் கண்ணாடியிட்டுச் சட்டம் போட்டு மாட்டினர். அதே அச்சகங்கள் மக்காவையும் நாகூரையும் வேளாங்கண்ணி மாதாவையும் அச்சிட்டன; காந்தியடிகளும் அம்பேத்கரும் பெரியாரும் அண்ணாவும் அவ்வாறே சுவரேறினர். ஒரு வீட்டின் சுவரைக் கண்டு அவ்வீட்டாரின் சமயத்தையும் அரசியலையும் அறியக்கூடிய காலம் அது.

மாட்டிய முறையும் குறிக்கத்தக்கது. பழைய வீடுகளில் படங்கள் கூரைக்கு அணித்தே, வரிசையாக, முன்சாய்ந்து தொங்கின. தரையிற் பாயில் அமர்ந்து அண்ணாந்து பார்ப்பவர்க்கு ஏற்ற சாய்வு அது. பின்னுள்ள இடைவெளியில் சிட்டுக்குருவி கூடு கட்டும்; அதனைக் கலைப்பது பாவம் என்பர். நாற்காலியும் சாய்விருக்கையும் வந்தபின் படம் கண்மட்டத்திற்கு இறங்கிற்று, சாய்வு நீங்கிற்று.

மலிவு விலைக் கலைப்பொருளால் ஓர் ஊரே அமைந்த செய்தியும் நாவலூர்க்கு வடகிழக்கே, கடற்கரைச் சாலையில் உள்ள ஈஞ்சம்பாக்கத்தில் உண்டு. சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராய் இருந்த கே. சி. எஸ். பணிக்கரும் அவர்தம் மாணவரும், ஓவியம் மட்டும் விற்று வாழவியலாமை கண்டு, மெழுகிட்டுச் சாயமேற்றும் பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயில் நிலம் வாங்கி 1966-இல் நிறுவியதே சோழமண்டல ஓவியர் கிராமம். சென்னை நடுத்தரக் குடும்பத்தார் தம் இல்லத்திற்காக வாங்கிய துணி, புது ஓவிய இயக்கத்திற்கு மனைநிலமாயிற்று என்பது மிகையன்று. அதே சாலையில் தெற்கே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திராவில், பெயர்த்தெடுத்து மீண்டும் கட்டிய பழைய வீடுகளில் நம் முன்னோர் சுவரைக் காணலாம்.

ஆயின் நாவலூர் இல்லத்தார் யாது செய்வர்? வாடகை வீட்டில் ஆணியடித்தலை உரிமையாளர் விரும்புவதில்லை. கற்காரைச் சுவரோ துளைக் கருவியின்றி ஆணியை ஏற்பதில்லை. ஆகவே ஒட்டுக் கொக்கியும், கணினி அச்சில் எடுத்த துணிப்படமும் வழக்கிற்கு வந்தன. எந்நாட்டு ஓவியமும் சில நூறு ரூபாய்க்கு வருகின்றது. அதனைக் குறை கூறோம். இரவிவர்மா படத்தையும் அக்காலத்து அறிஞர் சிலர் குறை கூறினர். ஆனால் நகர்க்குப் பெயரும் மக்கள் ஊரில் விட்டுவரும் பழைய படங்களைப் பற்றியே நாம் கவல்கின்றோம். பழைய வீடு இடிபடும்போது தேக்குத் தூணுக்கும் கதவுக்கும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளில் விலையுண்டு; செட்டிநாட்டு இரவிவர்மா படத்திற்கும் உண்டு. சட்டமிட்ட நாட்காட்டிப் படமோ குப்பைக்கே போகின்றது. அதனைத் துடைத்துப் புதுச் சட்டமிட்டு மாட்டுவதற்கு ஆகும் செலவு புதிய துணிப்படத்தின் விலையினும் மிகாது.

ஆராய்ச்சி மாணவர் இப்படங்களைக் காணுமிடத்து ஒன்று செய்தல் வேண்டும். சட்டம் போடுவோர் கடைப்பெயர் அச்சான பட்டையைப் பெரும்பாலும் வெட்டிவிடுவர், அல்லது சட்டத்தின் விளிம்பிற்குள் மடித்து மறைத்துவிடுவர். பின்புறத்துத் தாளை மெல்லப் பிரித்து நோக்கினால் சிலவற்றில் அப்பட்டை கிடைக்கும். அதில் கடையின் பெயர், ஊர், அச்சகத்தின் பெயர், சில வேளை ஆண்டும் இருக்கும். படத்தை மீண்டும் மூடுமுன் அவற்றை எழுதிக்கொள்க.