ஸ்ரீதர் வேம்பு

ஸ்ரீதர் வேம்பு, சோஹோ மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவர். சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகத்திலும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய இந்நிறுவனம் முதலில் பிணைய மேலாண்மை மென்பொருட்களையே உருவாக்கியது. 2005இல் வெளிவந்த சோஹோ ரைட்டர், கணினியில் எதனையும் நிறுவாமல் உலாவியிலேயே ஆவணம் எழுத வழிசெய்தது. கூகுள் டாக்ஸ் வெளிவந்தது அதற்கு மறு ஆண்டில்தான்.

2011இல், அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தென்காசியில், தாமிரபரணியின் துணையாறான சிற்றாறு பாயும் பகுதியில், இந்நிறுவனம் அலுவலகம் தொடங்கியது. வாடிக்கையாளர் சேவைக்கான சோஹோ டெஸ்க் அங்கேயே உருவானது. சிற்றூர்க் கிளைகளுக்கு வழக்கமாகத் தள்ளப்படும் எடுபிடி வேலையன்று இது. 2019இல் வேம்பு அருகிலுள்ள மத்தளம்பாறையில் குடியேறினார். 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2025 சனவரியில் தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பைத் துறந்து, ஆய்வுப் பணிக்காகத் தலைமை அறிவியலாளரானார்.