தேவதாருவின் வைரம்: உத்தரகாசி மர வீடுகளும் மரத்தின் மீதான உரிமையும்

காட்டுக்குள் சிறியதொரு மர வீடு கட்டிக்கொள்வது சூழலுக்கு இசைந்த வாழ்வின் அடையாளமாக இன்று பேசப்படுகிறது. சிமென்ட்டையும் எஃகையும் ஆக்குவதற்கு எரிக்க வேண்டிய எரிபொருள் மரத்துக்குத் தேவையில்லை. வளரும்போது மரம் காற்றிலிருந்து ஈர்த்துக்கொண்ட கரி, வீடு நிற்கும் காலமெல்லாம் சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இவ்வாதத்தில் பிழையில்லை. ஆயினும், அந்த மரத்தை வெட்டும் உரிமை யாரிடம் இருந்தது என்ற கேள்வி கட்டடக்கலை பற்றிய விவாதங்களில் அரிதாகவே எழுகிறது. அவ்வுரிமை கைமாறிய வரலாற்றைக் காண உத்தராகண்டின் உத்தரகாசி மாவட்டம் பொருத்தமான களம். பாகீரதியும் யமுனையும் பாயும் இந்நிலம் 1949 வரை தெஹ்ரி கட்வால் சமஸ்தானத்துக்குள் இருந்தது.

யமுனைப் பள்ளத்தாக்கின் ரவாயீ பகுதியிலுள்ள கோட்டி பனால் என்னும் சிற்றூர், ஒரு கட்டடமுறைக்கே தன் பெயரைத் தந்துள்ளது. உயரமான கல்மேடை, அதன்மேல் நான்கு அல்லது ஐந்து தளங்கள். இரண்டிரண்டாக இணைக்கப்பட்ட தேவதாரு உத்தரங்கள் நான்கு புறமும் சுற்றிவந்து மூலைகளில் ஒன்றையொன்று கவ்விக்கொள்ள, இடைவெளியில் சாந்தின்றிக் கற்கள் அடுக்கப்படுகின்றன. மூட்டுகளை இறுக்குபவை மர முளைகள். கீழ்த்தளம் கால்நடைகளுக்கு, மேல்தளங்களில் வெளிநீண்ட மாடங்கள், கூரையில் பலகைக்கற்கள். நிலம் நடுங்கும்போது மூட்டுகள் சற்றே நெகிழ்ந்து அசைந்து மீண்டும் அமர்ந்துகொள்ளும். கல்மேடை ஈரத்தையும் பனியையும் மரத்தில் அண்டவிடாது. உத்தரம் ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். வீடே வேண்டாமென்றால் பிரித்து வேறிடத்தில் கட்டலாம். இவ்வீடுகளுள் சில எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுப் பழமையுடையவை என்று கரிமக் காலக்கணிப்பை வைத்துச் சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அக்கணிப்பை அப்படியே ஏற்பதில் ஒரு தயக்கம் உண்டு: கரிமம் சொல்வது மரம் உயிரோடிருந்த காலத்தையே தவிர வீடு எழுந்த காலத்தையன்று. பிரித்துக் கட்டும் வழக்கமுள்ள ஊரில் ஓர் உத்தரம் இரண்டு மூன்று வீடுகளைக் கண்டிருக்கலாம்.

ஐந்து தள மாளிகைகள் செல்வர்களுடையவை. அவை விழுங்கிய மரமும் கொஞ்சமன்று. சிறிய மர வீடு என்பதற்கு உரிய உள்ளூர் வடிவம் சானிதான். ஊருக்கு வெளியே, காட்டின் விளிம்பிலோ மேய்ச்சல் நிலத்திலோ, மாடுகளும் மனிதரும் பருவந்தோறும் தங்குவதற்கு மரமும் கல்லும் கொண்டு எழுப்பும் குடில் அது. காட்டில் தங்குமிடம் என்ற கருத்தை இம்மலைகளுக்குப் புதிதாகக் கொண்டுவந்து சேர்க்க எவரும் வேண்டியிருக்கவில்லை.

இக்கட்டடங்களை நிலைநிறுத்திய பண்பே காட்டுக்கு வினையாகவும் வந்தது. தேவதாருவின் வைரத்தில் ஊறியிருக்கும் எண்ணெய் கரையானையும் பூஞ்சையையும் நெடுங்காலம் தடுக்கும். 1850களுக்குப் பின் இந்தியாவில் இருப்புப்பாதைகள் நீண்டபோது, மண்ணில் கிடந்தும் மட்காத மரம் தேவைப்பட்டது. பதப்படுத்தாமலேயே தண்டவாளக் கட்டைகளாகப் பயன்படத்தக்கவை என்று தேறியவை முதன்மையாகத் தேக்கு, சால், தேவதாரு ஆகிய மூன்றே. ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 கட்டைகள் வரை தேவைப்பட்டன. ஒரு நடுத்தர மரம் மூன்று முதல் ஐந்து கட்டைகளையே தரும். மேலும், சால் மரம் கனத்தால் நீரில் அமிழும், தேவதாரு மிதக்கும். சாலையே இல்லாத மலையிலிருந்து சமவெளிக்கு மரத்தைக் கொண்டுசெல்ல ஆறு ஒன்றே போதுமானதாயிற்று.

அவ்வழியை வணிகமாக்கியவர் பிரெடரிக் வில்சன் என்னும் ஆங்கிலேயர். படையைவிட்டு வந்தவர் என்றும் ஓடிவந்தவர் என்றும் அவரைப் பற்றிய கதைகள் பல. இணையத்தில் உலவும் சாகசக் கதைகளைவிட அவருடைய ஒப்பந்தமே வரலாற்றுக்கு முக்கியமானது. பாகீரதிக் கரையில் ஹர்சிலில் தங்கி வேட்டையாடியவர், முக்பா ஊரைச் சேர்ந்த பெண்ணை மணந்தார். தெஹ்ரி அரசரிடம் மரம் வெட்டும் உரிமையைக் குறைந்த தொகைக்குப் பெற்றார். வெட்டிய தேவதாருக்களை ஆற்றில் விட்டு ஹரித்வாரில் கரையேற்றிப் பெருஞ்செல்வர் ஆனார். ஹர்சிலில் அவர் கட்டிய பெரிய தேவதாரு வீடு பிற்காலத்தில் வனத்துறையின் ஓய்வு விடுதியாகி, 1990களின் இறுதியில் தீக்கிரையானது. காட்டின் நடுவே அழகிய மர வீட்டில் வாழ்ந்தவர் அதே காட்டை வெட்டித் தள்ளியவர் என்பதில் முரண் எதையும் அக்காலத்தவர் கண்டதாகத் தெரியவில்லை.

ஈட்டத்தைக் கண்ட ஆங்கில அரசு 1860களின் நடுவில் சமஸ்தானக் காடுகளைத் தானே இருபது ஆண்டுக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது. 1864இல் டீட்ரிக் பிராண்டிஸ் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவரானார். 1865, 1878 ஆண்டுகளின் வனச் சட்டங்கள் தொடர்ந்தன. 1878இலேயே டேராடூனில் வனப் பள்ளி தொடங்கியது. கோவேறு கழுதைப் பாதைகளை ஒட்டி, ஏறத்தாழ ஒரு நாள் நடைத் தொலைவுக்கு ஒன்றாக ஓய்வு விடுதிகள் எழுந்தன. கல்லும் மரமும் கலந்த சுவர், அகன்ற தாழ்வாரம், கணப்பு அடுப்பு, பனி வழுக்கும் சரிந்த கூரை என அவை தம் நிலத்துக்கு நன்கு பொருந்தியவையே. இன்றைய காட்டு விடுதிகளின் வடிவமைப்பாளர்கள் அறிந்தோ அறியாமலோ பின்பற்றும் மாதிரி இதுதான் எனலாம். ஆனால் அத்தாழ்வாரங்கள் முதலில் அதிகாரிகளின் பணியிடங்கள். எந்த மரம் துறைக்கு, எந்த மரம் ஊருக்கு என்று அறுதியிடச் சென்றவர்கள் அங்கு தங்கினர்.

சமஸ்தானமும் அதே வழியில் நடந்தது. 1920களின் இறுதியில் ரவாயீ பகுதியில் நடந்த வன எல்லை நிர்ணயம், மக்கள் காலங்காலமாகப் புழங்கிய மேய்ச்சல் நிலங்களையும் வழிகளையும் கோட்டுக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. நேற்றுவரை சானி கட்டியவர் இன்று அத்துமீறியவர். மக்கள் ஆசாத் பஞ்சாயத்து என்ற பெயரில் தமக்கெனச் சபை அமைத்துக் கூடினர். அரசர் நரேந்திர ஷா ஐரோப்பாவில் இருந்த வேளையில், 1930 மே 30 அன்று யமுனைக் கரையின் திலாரியில் கூடியிருந்தோர் மீது திவான் சக்ரதர் ஜுயாலின் ஆணைப்படி படையினர் சுட்டனர். இறந்தோர் எத்தனை பேர் என்பதில் அரசுக் கணக்கும் மக்கள் நினைவும் வெகுதொலைவு விலகி நிற்கின்றன. தப்பியோட ஆற்றில் குதித்தோரும் மாண்டனர்.

நாடு விடுதலையடைந்த பின்னும் ஒப்பந்தக்காரர்களின் கோடரி ஓயவில்லை. 1973இல் தோன்றிய சிப்கோ இயக்கத்தின் விளைவாக, 1981இல் அன்றைய உத்தரப் பிரதேச மலைப்பகுதிகளில் 1,000 மீட்டருக்கு மேல் பச்சை மரங்களை வணிகத்துக்கு வெட்டுவது தடைசெய்யப்பட்டது. அத்தடை தேவையாகவே இருந்தது. எனினும் ஹக்-ஹகூக் என்று வழங்கும் ஊர் மரவுரிமை குறுகிக்கொண்டே வந்த நிலையில், புது வீட்டுக்குத் தேவதாரு பெறுவது எளிய குடும்பத்துக்கு எட்டாததாயிற்று. நூறாண்டுக்கு மேல் வளர வேண்டிய மரத்துக்கு அவசரமாக ஈடுசெய்யவும் இயலாது. மரத்தின் இடத்தைச் சிமென்ட் பிடித்தது. உத்தரங்களைக் கவ்வவைக்கத் தெரிந்த தச்சர்களுக்கு வேலை அருகியது. 1991 அக்டோபர் 20 விடியற்காலையில் 6.8 அளவிலான நிலநடுக்கம் உத்தரகாசியை உலுக்கியபோது எழுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மரக்கட்டு இல்லாத கற்சுவர் வீடுகள் சரிந்து பலரைப் புதைத்தன. ரவாயீயின் பழைய தேவதாரு வீடுகள் பல நின்றன. அதன்பின் பொறியாளர்கள் அவற்றை அளந்து வரைந்து வியந்தனர். அவ்வாறு மீண்டும் கட்ட ஊராருக்கு மரம் எங்கிருந்து வரும் என்பது அவர்களுடைய துறைக்குரிய கேள்வியன்று.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நிஸ்தார் போன்ற பழைய சமூக உரிமைகளை ஏற்றதோடு, சிறு வன விளைபொருள்கள் மீது மரபாகக் காட்டில் வாழ்வோருக்கு உடைமையும் வழங்கியது. அவ்விளைபொருள்களின் வரையறையில் மூங்கில் உண்டு, தேன் உண்டு, மூலிகையும் கிழங்கும் உண்டு. வெட்டுமரம் இல்லை.