தொழிலடைமொழியும் குடிப்பெயரும்: திருவிதாங்கூரின் ‘கணக்கு’

தொழிலைச் சுட்டும் அடைமொழி குடிப்பெயராக நிலைபெறுவது பல நாடுகளிலும் காணப்படும் வழக்கு. இத்தாலியில் ‘ஃபெர்ராரி’ கொல்லனையும் ‘சார்த்தோரி’ தையற்காரனையும் ‘மெதிச்சி’ மருத்துவனையும் குறித்தெழுந்த பெயர்கள். 1563இல் திரெந்துத் திருச்சங்கம் பங்குக்கோயில்களில் திருமணப் பதிவேட்டைக் கட்டாயமாக்கியது, இப்பெயர்கள் மாறாமல் வழிவழியாக நிலைப்பதற்குத் துணைசெய்தது. தமிழ், மலையாளப் பகுதிகளில் பதிவேட்டின் இடத்தை அரசாணையும் சாதியமைப்பும் பெற்றன. பழைய திருவிதாங்கூர் இதற்குத் தக்க சான்றாகும்.

சங்கப் புலவர் பெயர்களில் தொழிலடை பெரிதும் ஆளை அடையாளங்காட்டவே வந்துள்ளது. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் ஆகிய பெயர்களில் வணிகர்க்கும் மருத்துவர்க்கும் கொல்லர்க்கும் ‘ஆர்’ விகுதி ஒன்றுபோலவே அமைகிறது. (மதுரைக் கணக்காயனாரை இவ்வரிசையில் வைக்கும்போது, கணக்காயர் என்பது ஆசிரியரைக் குறிக்கும், வரவுசெலவு எழுதுவோரையன்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.) சோழர் காலத்திலும் கைத்தொழிலாளர் பெயர் தாழ்ந்துவிடவில்லை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் வரும் ‘இராசராசப் பெருந்தச்சன்’ அரசன் பெயரையே தாங்கியவன்.

திருவிதாங்கூரிலோ எழுத்துத்தொழில் தனிச்சிறப்புப் பெற்றது. ‘பிள்ளை’ப் பட்டம் வழங்கும் சடங்கு ‘திருமுகம் பிடித்தல்’ எனப்பட்டது. பட்டம் பெறுவோர் ‘அடியறை’ என்னும் காணிக்கை செலுத்தினர். தாமோ முன்னோரோ அச்சிறப்புப் பெற்றிருந்தால் பெயருக்குமுன் ‘கணக்கு’ என்பதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. முன்னோர் பெற்றதே போதுமெனின், கணக்கெழுதாதவனும் ‘கணக்கு’ ஆகலாம். தொழில் நீங்கித் தகுதி எஞ்சிய இடம் இதுவே. மார்த்தாண்டவர்மர் (1729-1758) ஏற்படுத்திய ‘செம்பகராமன்’ பட்டத்தோடு ‘கணக்கு’ பலவேளை சேர்ந்து வரும் என்றும் அந்நூல் குறிக்கிறது. தலக்குளத்தில் பிறந்து 1809இல் மறைந்த தளவாய் வேலுத்தம்பி, வேலாயுதன் செம்பகராமன் தம்பி எனப்பட்டதை இதனோடு ஒப்பிடலாம்.

கொல்லன், தட்டான், தச்சன் என்பனவோ சாதிப்பெயர்களாகவே நின்றன. அவையும் தொழிலை விட்டும் குடியை விடாதவையே. ஆயின் அவற்றைத் தாங்கியோர்க்குக் கிடைத்தது மதிப்பன்று, தாழ்வு. கணக்கனுக்கு உயர்வு தந்த அதே சொல்லாக்கம் கொல்லனுக்கு இழிவு தந்தமைக்குச் சொல்லிற் காரணமில்லை; ஏடு யார் கையில் இருந்தது என்பதிலேயே உள்ளது.

திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்திலுள்ள பத்மநாபசுவாமி கோயில் மதிலக ஓலைகளில் வரும் ஆட்பெயர்களைத் தொகுத்தால், இம்மாற்றத்தின் படிநிலைகளைக் காலமுறையில் வைத்து ஆராய இயலும்.